பெயர் சொல்லாத ஆணம்

சென்ற பருவத்தில் இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணாக்கர்க்கு ஒரு சிறு களப்பணி கொடுத்திருந்தேன். அவரவர் வீட்டு அடுப்பங்கரையில் வழங்கும் சொற்களுள் ஐம்பதைத் தொகுத்து எழுதி வருதல் வேண்டும். அகராதியைப் புரட்டுதல் கூடாது. தாயிடத்தும் பாட்டியிடத்தும் கேட்டே எழுதுதல் வேண்டும் என்பது விதி. இரண்டு வாரத்தில் தாள்கள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. எடுத்துப் படித்தபோது உள்ளம் குளிர்ந்தது உண்மை. காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்று சொல்லும் அழகு, குழம்பை ‘ஆணம்’ என்னும் வழக்கு, பலர் சூழ்ந்தமர்ந்து ஒன்றாக உண்ணும் பெருந்தட்டுக்குச் ‘சஹன்’ என்னும் அரபுப் பெயர், பருப்பும் எலும்பும் கத்தரிக்காயும் கூடிய ‘தாளிச்சா’ எனத் தமிழ் முஸ்லிம்களின் வீட்டு மொழி அத்தாள்களில் மணம் வீசிற்று.

ஆயினும் அத்தனை தாள்களையும் இருமுறை புரட்டிய பின்னும் ஒரு சொல்லை நான் காணவில்லை. ஆட்டுக்கறி இருந்தது, கோழி இருந்தது, கருவாடும் இருந்தது. மாட்டுக்கறி இல்லை. அம்மாணாக்கருள் பலர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடுப்பில் ஏறுவது அதுவே என்பதை நான் அறிவேன். பலர் வீட்டில் அதனை உண்டும் இருக்கிறேன். பிறகு எப்படி அச்சொல் ஐம்பதுக்குள் ஒன்றாக இடம்பெறாமற் போயிற்று?

ஒரு மாணவரை அழைத்து இதனைக் கேட்டேன். சற்று நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு, “பெரிய கறின்னு எழுதலாமா ஐயா?” என்று கேட்டார். அருகில் நின்ற மற்றொருவர், “பீஃப்னு போட்டுக்கலாம் ஐயா” என்று வழிசொன்னார். தமிழ் இலக்கியம் பயில வந்த பிள்ளைகள் தம் வீட்டுச் சட்டியில் வேகும் ஒன்றைச் சுட்ட ஒரு மறைமொழியையும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் நாடினார்களேயன்றி, நேராக இருக்கும் தமிழ்ச் சொல் அவர்கள் நாவில் எழவில்லை. இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்த நிகழ்ச்சியே.

ஆங்கிலச் சொல் கூச்சத்தை மறைத்து விடுகிறது என்பது ஒரு விந்தை. ஆங்கிலேயர்க்கும் இதில் ஒரு பழங்கதை உண்டு. 1066இல் பிரெஞ்சு மொழி பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், வயலில் மேய்க்கும் குடியானவனுக்கு அது ‘கௌ’ ஆகவே இருக்க, மேசையில் உண்ணும் பிரபுவுக்கு மட்டும் அது பிரெஞ்சு வழி வந்த ‘பீஃப்’ ஆயிற்று. மேய்ப்பவன் சொல் ஒன்று, உண்பவன் சொல் ஒன்று. நம் பிள்ளைகள் அந்தப் பிரபுவின் சொல்லைக் கடன் வாங்கித் தம் தாயின் சட்டியை மூடுகிறார்கள்.

மறைமொழியும் நமக்கே உரியதன்று. சப்பான் நாட்டில் கி.பி. 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணலாகாது என்று ஆணை பிறப்பித்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் அந்நாட்டார் இறைச்சியை முற்றும் விட்டாரல்லர், பெயரை மாற்றிக்கொண்டனர். காட்டுப்பன்றிக்கறியை ‘மலைத் திமிங்கிலம்’ என்றனர்; குதிரைக்கறியைச் ‘சகுரா’ மலரின் பெயரால் அழைத்தனர். 1872இல் மெய்சி பேரரசர் தாமே மாட்டிறைச்சி உண்டதாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் அது ஊரறிந்த உணவாயிற்று. இன்று அங்கே இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைக்கும் ‘நிக்குசகா’ அம்மா சமைக்கும் வீட்டு உணவு என்றே பெயர் பெற்றிருக்கிறது. நமக்குப் பேரரசர் எவரும் உண்டு காட்ட வேண்டியதில்லை. நம் வீட்டு நினைவே போதுமானது என்பது என் எண்ணம்.

என் தாய்வழிப் பூர்விகம் பழனி வட்டத்துக் கீரனூர். புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர் அன்று. திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கே கொங்குச் சமவெளியில் இருப்பது. ‘மீன்காரத் தெரு’, ‘கருத்த லெப்பை’ முதலிய புதினங்களைத் தந்த கீரனூர் ஜாகிர்ராஜா தம் பெயரோடு சேர்த்து வழங்கும் ஊர் அதுவே. பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்கு நன்னிம்மா வீடு. அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரிய மண்சட்டி. இன்று ஆங்கிலத்தில் ‘ஸ்டூ’ என்றும், மலையாளத்தில் ‘இஷ்டு’ என்றும் சொல்கிற உணவுக்கு நெருங்கிய உறவுடையது அந்த ஆணம். தேங்காய்ப்பால் அதில் சேராது. மிளகே முதன்மை. ‘கறி’ என்னும் சொல்லுக்குச் சங்க நூல்களில் மிளகு என்னும் பொருள் உண்டு என்று பிற்காலத்தில் படித்தபோது, நன்னிம்மாவின் அம்மிக்கல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

செய்முறையைச் சற்று விரித்தே சொல்கிறேன். பெரியவர்கள் பொறுத்தருள்க, தமிழ்த்துறை மலரில் சமையற் குறிப்பா என்று கேட்பவர்க்கு விடை பின்னர் வரும்.

கறி ஒரு கிலோ. இதில் முக்காற் பங்கு முன்னங்கால் சதையாகவும் சப்பையாகவும் இருத்தல் வேண்டும். காற்பங்கு நல்லி எலும்பு. தொடைக்கறி மென்மையானதுதான். எனினும் இந்த ஆணத்திற்கு அது ஏலாது. நெடுநேரம் வேகும்போது நார்நாராகப் பிரிந்து சக்கையாகி விடும். கறியைக் கழுவி, மஞ்சள் தடவி, வடியவிட வேண்டும். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, சோம்பு. பிறகு முழுதாக உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ. அது பொன்னிறமானதும் அரைத்த இஞ்சியும் பூண்டும். கறியைப் போட்டு, அதன் நீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்க்கு ஆணம் வெளுத்துப் போகும். கறி நிறம் மாறி அடியில் சற்றே ஒட்டத் தொடங்கும்போது, கொத்துமல்லியும் மிளகும் வறுத்து அரைத்த விழுதைச் சேர்த்து, வெந்நீர் ஊற்றி, உப்பில் பாதியிட்டு மூடிவிட வேண்டும். மேலே எழும் நுரையை அகப்பையால் எடுத்துவிட்டு, விறகை வெளியே இழுத்துத் தணல் மட்டும் இருக்கச் செய்வார் நன்னிம்மா. இரண்டரை மணி நேரம். கறி விரலுக்கு இணங்கும்போது காரட்டும் நூக்கோலும் உருளைக்கிழங்கும் பெரிய துண்டுகளாக விழும். அக்காய்கள் கொடைக்கானல் மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தை வழியாக எங்கள் பகுதிக்கு இறங்குபவை. முருங்கைக்காய் மலிந்த மாதங்களில் அதுவும் சேரும். இறுதியில் ஒரு கைப்பிடி அரிசியை வறுத்துப் பொடித்துத் தூவினால் ஆணம் கெட்டிப்படும். மீதி உப்பு அதன்பிறகுதான். புழுங்கலரிசிச் சோற்றோடு உண்பது முதல்நாள் முறை. மறுநாள் சுண்டிய சட்டியில் இட்லியைத் தோய்த்து உண்பதே மேலானது என்று எங்கள் மாமாமார் வாதிடுவர். நானும் அவர்கள் கட்சியே.

இவ்வளவு நேரம் ஏன் வேக வேண்டும்? இதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்று சொன்னால் மாணாக்கர் வியப்பர். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் பயன்படாது போயிற்று என்றோ, மீளாத முடமாயிற்று என்றோ சான்று பெற்ற மாடே அறுப்புக்கு உரியது. 1976இல் பசுவையும் கிடாரியையும் அறுப்பது அரசாணையால் தடுக்கப்பட்டது. எனவே நம் சட்டிக்கு வருவது பெரும்பாலும் ஏரும் வண்டியும் இழுத்து முதிர்ந்த காளையும் எருமையும் ஆகும். உழைத்த கால்களில் தசையைப் பிணைக்கும் நார்ப்பொருள் மிகுதி. கொலாஜன் எனப்படும் அந்நார் எழுபது பாகை வெப்பத்தைத் தாண்டிய நிலையில் மணிக்கணக்காக இருந்தால்தான் ஜெலட்டின் என்னும் பசையாக இளகும். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் நார் இளகுவதற்கு முன்னரே தசை சுருங்கி நீரை வெளியேற்றி இறுகிவிடும். தணலை மட்டும் வைத்த நன்னிம்மா இவ்வேதியியலைப் படித்தவர் அல்லர். இன்று அழுத்தக் கொதிகலனில் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிப்பதால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிகிறது. பப்பாளிக்காயின் பாலில் உள்ள நொதி கறியை மெதுவாக்கும் என்பதால் சிலர் ஒரு துண்டு சேர்ப்பதும் உண்டு. நான் குக்கரை வெறுப்பவன் அல்லன்; வாரநாளில் வேறு வழியுமில்லை. ஆனால் மூடி திறக்கும்வரை மணம் வெளியே வராத ஒரு சமையலில் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பசி எப்படி வளரும் என்று ஐயுறுவேன்.

ஆட்டுக்கறியின் விலையில் ஏறத்தாழ பாதிக்கும் குறைவாகக் கிடைப்பது இக்கறி. ஒரு கிலோவும் காய்களும் நீரும் சேர்ந்து எட்டுப்பேர் வயிற்றை நிறைத்தன. வாங்கும் திறம் இல்லாத வீட்டார் நேரத்தைக் கொடுத்து வாங்கிய விருந்து இது. அங்கேரி நாட்டுக் ‘குலாஷ்’ என்னும் புகழ்பெற்ற ஆணத்தின் பெயருக்கும் அந்நாட்டு மொழியில் மாட்டிடையன் என்பதே மூலம். மேய்ச்சல் வெளியில் ஒரே கலத்தில் வேகவைத்த எளியவன் உணவு இன்று விடுதிகளில் வெள்ளித் தட்டில் வருகிறது. அவன் தன் பெயரையே அதற்கு விட்டுச் சென்றான்.

இனித் தமிழ்த்துறைக்குள் வருவோம். நம்மவர் இலக்கியத்தில் இவ்வுணவுக்கு இடமில்லை என்று எவரேனும் சொன்னால் அவர் சங்க நூல்களைத் திறவாதவர். அகநானூற்றுப் பாலைப் பாடல்களில், ஆநிரை கவர்ந்த மழவர் வேம்பின் அடியில் தெய்வத்துக்குக் கொழுத்த ஆவை அறுத்துக் குருதி தூவி, வெந்த ஊனை உண்டமை பேசப்படுகிறது. அங்கே வெந்த ஊனுக்குப் புலவர் ஆளும் சொல் ‘புழுக்கு’ என்பது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்திலோ ஆட்டின் பருத்த தொடை வெந்தது ‘வேவை’ எனப்படுகிறது. இரவும் பகலும் ஊன் தின்று பல் தேய்ந்துபோனதாக அப்பொருநன் சொல்வதை வகுப்பில் நடத்தும்போது மாணாக்கர் சிரிக்கத் தவறுவதில்லை. ‘ஸ்டூ’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்கும் மாணவர்க்கு நான் ‘புழுக்கு’ என்றே விடை கூறுவேன். அச்சொல் இறந்துபடவும் இல்லை. புழுங்கலரிசியில் இன்றும் உயிரோடிருக்கிறது.

இதே தமிழில்தான் புலால் மறுத்தலும் ஓர் அதிகாரமாக நிற்கிறது. வள்ளுவர் அதனைத் துறவறவியலில் வைத்தார், இல்லறவியலில் வைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. உயிர்க்கொலை கண்டு உள்ளம் நைந்த பெருமக்களின் குரல் தமிழில் இடையறாது ஒலித்து வருகிறது. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஆட்டுக்கும் கோழிக்கும் இரங்காமல் மாட்டுக்கு மட்டும் இரங்குவது அந்த அருளின்பாற்பட்டதன்று, அது வேறொன்று. பசுவைத் தாயென வழிபடும் அயலாரின் நம்பிக்கை அது. அதனை நாம் மதிக்க வேண்டியது அருளறத்தால் அன்று, அயலறத்தால்.

அயலறம் என்பதை நான் நூலில் கற்கவில்லை. கீரனூரில் நன்னிம்மா வீட்டுக்குச் சுவரொட்டிய வீட்டில் இந்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவ்வீட்டு அம்மா எங்கள் நன்னிம்மாவை ‘அக்கா’ என்பார். நன்னிம்மா அவரை ‘அம்மிணி’ என்பார். ஞாயிறு காலையில் நன்னிம்மா முதலில் செய்வது பருப்பும் ஒரு காயும். கடைக்குச் சென்ற மாமா திரும்புவதற்குள் அதில் ஒரு கிண்ணம் சுவருக்கு அப்பால் போய்விடும். ஒருநாள் நன்னிம்மா சற்றுத் தாமதித்துவிட, அந்த அம்மாவே சுவரின்மேல் தலையை நீட்டி, “கறி வர்றதுக்குள்ள குடுத்துருங்கக்கா” என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது! அக்கா வீட்டில் இன்று என்ன வேகப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அது அவருக்குத் தெரியும் என்று அக்காவுக்கும் தெரியும். அவர் அதனை உண்ணமாட்டார். உண்பவரை வெறுக்கவும் மாட்டார். மாட்டுப் பொங்கலன்றும், அவ்வீட்டார் பழனிக்கு மாலை அணிந்திருந்த நாள்களிலும் எங்கள் வீட்டில் அச்சட்டி ஏறியதில்லை. எவரும் ஏறக்கூடாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்னிம்மா என்ன செய்திருப்பார் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அவர் குணம் அறிந்தவன் என்ற முறையில், அன்றே ஏற்றியிருப்பார் என்று படுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஆணம் காய்ச்சும்போது நீரைச் சற்று மிகுதியாக ஊற்றி அண்டை வீட்டாரை எண்ணிப் பார்க்குமாறு தம் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அந்த அறிவுரை ஆணத்தைப் பற்றியதாகவே இருப்பது எனக்கு எப்போதும் இனிப்பது. வறுத்த கறியை எண்ணித்தான் பங்கிட முடியும், ஆணத்தில் நீரூற்றலாம். அண்டை வீட்டார் அதனை உண்ணாதவர் எனின், அறிவுரையின் கருத்து மறைந்துவிடுவதில்லை. கிண்ணத்தில் பருப்பாக மாறிச் சுவரைத் தாண்டுகிறது.

நன்னிம்மா செய்தது மதித்தல். என் மாணவர் செய்தது மறைத்தல். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டிலும் சட்டி மூடியேயிருக்கிறது. மதித்தலில் அண்டை வீட்டார்க்கு எல்லாம் தெரியும். மறைத்தலில் ஒருவர் மற்றவரை அறியாமலே வாழ்ந்துவிடுகிறார். நானும் மறைத்தவனே. ஆய்வுப் பட்டம் பயின்ற காலத்தில் வெளியூரில் ஓர் அறையில் நண்பரோடு தங்கியிருந்தேன். விடுமுறை முடிந்து திரும்பும்போது அம்மா சுண்டவைத்துத் தந்த கறியை, ஆட்டுக்கறி என்று அவரிடம் சொல்லி உண்டேன். அவர் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். பல ஆண்டு கழித்து ஒரு திருமணத்தில் சந்தித்தபோது அவர் சிரித்துக்கொண்டே, “உங்க அம்மா செஞ்ச மாட்டுக்கறி வாசம் இன்னும் மூக்குல இருக்கு, எனக்கு ஒரு துண்டு தர மாட்டீங்களான்னு ரெண்டு வருசம் பார்த்தேன்” என்றார். அவர் வீட்டிலும் அது சமைப்பார்களாம். அவரும் தம் வீட்டைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த அவருக்கு அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க என்னைக் காட்டிலும் வலிய காரணங்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் இருவரும் ஒரே சட்டியை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைத்திருந்தோம்.

பெரியவர்கள் சிலர் என்னிடம் அன்போடு சொல்வதுண்டு: காலம் சரியில்லை, வீட்டுக்குள் உண்பதை வீட்டோடு வைத்துக்கொள்வதே அறிவுடைமை, பிள்ளைகளை ஏன் வம்பில் மாட்டுகிறீர்கள் என்று. அவர்களுடைய அச்சம் வெற்று அச்சமன்று. வடபுலத்தில் இதன் பெயரால் உயிர்கள் போயிருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மே 23 அன்று, சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை நடுவண் அரசு வெளியிட்டபோது மாட்டு வணிகர் முதல் உழவர் வரை கலங்கியதை மறக்கவில்லை. ஒரு வாரத்தில், மே 30 அன்று, அவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே. அவ்வாண்டு சூலையில் உச்சநீதிமன்றம் அத்தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் எனச் செய்தது. மதுரையில் அந்த வழக்கு நின்றது எவரோ வெளிப்படையாகப் பேசியதால்தான். வீட்டோடு வைத்துக்கொண்டதால் அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 மே மாதத்தில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. ஆடும் கோழியும் உண்டு, மாடு இல்லை என்றாயிற்று. ஆம்பூரிலே மாட்டுக்கறிப் பிரியாணி இல்லாமல் திருவிழாவா என்று தலித் அமைப்புகளும் இஸ்லாமியரும் கேட்டனர். விழா தள்ளிவைக்கப்பட்டது, மழை காரணமாகச் சொல்லப்பட்டது. பட்டியலினத்தோர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கமும் கேட்டது. அச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. ஆனால் என் மாணவர் தாள்களைப் பார்த்தபின் அச்சினம் சற்று அடங்கி நாணமாக மாறியிருக்கிறது. அரசு அலுவலர் ஒருவர் ஓர் உணவைப் பட்டியலிலிருந்து நீக்கினால் நாம் கேள்வி கேட்கிறோம். நம் பிள்ளைகள் தம் கையாலேயே அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு வந்து நிற்கிறார்கள். இதை எந்த ஆணையத்திடம் முறையிடுவது?

வம்பில் மாட்டுதல் என் நோக்கமன்று. கல்லூரி வளாகத்தில் விழா எடுத்து ஊட்டிக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு உவப்பானதும் அன்று. உண்ணாதவர் முன் உண்டு காட்டுவது நன்னிம்மா வழியில் வந்தவன் செய்யத்தக்கதன்று. கேட்டால் பெயரைச் சொல்லுங்கள் என்கிறேன். வட்டார வழக்ககராதிக்குச் சொல் தொகுத்தால் அச்சொல்லையும் தொகுங்கள் என்கிறேன். நாம் நடத்தும் கருத்தரங்குகளில் சீறாப்புராணம் உண்டு, குணங்குடியார் உண்டு, படைப்போரும் கிஸ்ஸாவும் மசலாவும் உண்டு. நல்லதே. ஆனால் இஸ்லாமியத் தமிழ் என்பது கிஸ்ஸாவோடு முடிந்துவிடுகிறதா? ஆணத்தில் அரிசிப்பொடி எப்போது தூவ வேண்டும் என்று சொல்லும் ஒரு தாயின் வாக்கியம் இஸ்லாமியத் தமிழ் அன்றா? அவ்வாக்கியங்கள் எழுதப்படாமலே ஒவ்வொரு மையத்தோடும் மண்ணுக்குள் போகின்றன. தமிழ்த்துறை மலரில் சமையற் குறிப்பா என்று கேட்டவர்க்கு இதுவே என் விடை.

செய்பவர் உண்டாரா என்பதையும் இந்த இடத்தில் கேட்டுவிடுகிறேன். நன்னிம்மா கடைசியில்தான் அமர்வார். சட்டியில் அப்போது உருளைக்கிழங்கும் ஆணமும் இருக்கும். கறி எண்ணி இரண்டு துண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். மாட்டிறைச்சியின் இரும்புச்சத்து கீரையில் உள்ளதைவிட உடலில் எளிதில் சேர்வது. அச்சத்து யாருக்கு மிகுதியும் வேண்டுமோ அவருக்கு நாம் உருளைக்கிழங்கை வைத்தோம். (நாள்தோறும் உண்ணத்தக்கது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா, சிவப்பிறைச்சி மிகுதல் பெருங்குடற் புற்றுக்கு வழிசெய்யலாம் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். வாரம் ஒருமுறை, காயோடு, போதும்.) அம்மாவுக்குக் கை முறிந்த ஓராண்டில் ஞாயிறு அடுப்பை நான் ஏற்றேன், அம்மா நாற்காலியில் அமர்ந்து ஆணையிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு. விரிவுரையாளர் வெங்காயம் உரிக்கிறாராம் என்று உறவினர் சிரித்தது சில மாதமே. நல்லி எலும்பை அம்மாவுக்கு முதலில் வைக்கிறேன். அவர் அதனை என் மகளின் தட்டில் தள்ளிவிடுகிறார். இந்தப் போரில் நான் இன்னும் வெல்லவில்லை.

தாள்களை மாணாக்கரிடம் திருப்பித் தந்தேன். ஐம்பதோடு இன்னும் பத்துச் சொற்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டியைப் பற்றி மட்டும். வீட்டில் வழங்கும் பெயரிலேயே எழுதுக என்றேன். மதிப்பெண் உண்டு என்றும் சேர்த்தேன். அஃதில்லாமல் எதுவும் நடவாது. மறுவாரம் அவை வந்தன. சப்பை, நல்லி, நெஞ்செலும்பு, ஈரல், குடல் எனத் தொடங்கி, நான் கேள்விப்படாத சொற்கள் சிலவும் இருந்தன. சிலர் ‘பெரிய கறி’ என்றே எழுதியிருந்தனர். அதுவும் ஒரு வழக்குதான், இருக்கட்டும். முதன்முறை என் முன் தலைகுனிந்து நின்ற மாணவர் தம் தாளில் ‘மாட்டுக்கறி ஆணம்’ என்று தலைப்பிட்டு, கீழே செய்முறையையும் எழுதியிருந்தார். வேகும் நேரம் ‘ஒரு மணி’ என்றிருந்த இடத்தில் வேறொரு பேனாவால், நடுங்கும் எழுத்தில், ஓர் அடித்தல் இருந்தது. பக்கத்தில் அவருடைய தாயார் எழுதியிருந்தார்: “ஒரு மணி பத்தாது சார். கிழட்டு மாடா இருந்தா மூணு.”